கையைப் பிடித்து இழுப்பதும் விரல் நீட்டிக் காட்டுவதும்: வடசென்னைச் சிறுவன் ஒருவனின் ஆட்டிச மதிப்பீடு 22 மாதங்கள் தாமதமான விதம்

வியாசர்பாடியைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு, பிறரோடு தொடர்புகொள்வதைப் பாதிக்கும் வளர்ச்சி மாறுபாடான ஆட்டிசம் இருப்பதாக நாங்கள் அறிக்கையில் எழுதியபோது அவனுக்கு வயது 3 ஆண்டு 5 மாதம். அவன் சொல்லிக்கொண்டிருந்த சில சொற்களும் நின்றுபோனதை அவனுடைய தாய் முதன்முதலில் கவனித்தபோது வயது 1 ஆண்டு 7 மாதம். இடைப்பட்ட 22 மாதங்களில் அந்தக் குடும்பம் எங்கெங்கு சென்றது, ஒவ்வோர் இடத்திலும் என்ன கேட்கப்பட்டது, என்ன கேட்கப்படாமல் விடப்பட்டது, அவற்றைப் பார்த்த பிறகு எங்கள் மையத்தில் எதை மாற்றினோம் என்பதே இந்த ஆய்வு. பெற்றோரின் அனுமதியுடன், அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். வடசென்னையில் உள்ள ஒரு குழந்தை வளர்ச்சி மையத்தில் மருத்துவராகப் பணியாற்றும் நான், இச்சிறுவனை மதிப்பிட்ட குழுவில் ஒருவராக இருந்தேன். ஆகவே இங்கே சொல்லப்படும் குறைகளில் எங்களுடைய பங்கும் உண்டு.

22 மாதங்கள்

தந்தை லாரிப் பட்டறையில் வெல்டர். தாய் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். தந்தையின் தாயும் உடன் இருக்கிறார். வீட்டில் எல்லோரும் அவரை ஆயா என்றே அழைக்கிறார்கள். குழந்தை நிறைமாதத்தில் பிறந்து உரிய காலத்தில் உட்கார்ந்தான், நடந்தான். 1 வயது 4 மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணைக்கும் முத்தடுப்பு ஊக்க ஊசிக்கும் அழைத்துச் சென்றபோது, "நடக்கிறானா, சாப்பிடுறானா, பேசுறானா?" என்று செவிலியர் கேட்டிருக்கிறார். 'ம்மா', 'தாத்தா', 'பூ' என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்ததால் தாயும் "பேசுறான் சிஸ்டர்" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையான விடைதான். மூன்று மாதங்களில் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன.

கற்றுக்கொண்ட சொல்லோ திறனோ எந்த வயதில் மறைந்தாலும் உடனே வளர்ச்சி மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது குழந்தை மருத்துவத்தில் கருத்து வேறுபாடு இல்லாத விதி. ஆனால், "இவங்கப்பன் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்றார் ஆயா. வசம்பைச் சுட்டுத் தேனில் உரசி நாக்கில் தடவினார்கள். பேச்சு வர வேண்டிச் சீர்காழிக்கு அருகே உள்ள திருக்கோலக்காவுக்கும் போய் வந்தார்கள். இவற்றைக் குறையாக எழுதவில்லை. குடும்பம் கவலைப்படத் தொடங்கிவிட்டது என்பதற்கும், அந்தக் கவலைக்காக ஊர்விட்டு ஊர் போகவும் அது தயாராக இருந்தது என்பதற்கும் இவையே சான்று. தாமதத்துக்குக் காரணம் பெற்றோரின் அறியாமை என்று கருத்தரங்குகளில் சொல்லக் கேட்கும்போதெல்லாம் இந்தக் குடும்பத்தின் கோயில் பயணம் என் நினைவுக்கு வருகிறது.

1 வயது 10 மாதத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் போனார்கள். மூன்று வயது வரை பொறுத்துப் பார்க்கும்படியும், கைப்பேசி காட்டுவதை நிறுத்தும்படியும், பள்ளியில் சேர்த்தால் பேச்சு வந்துவிடும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். கைப்பேசியைக் குறைப்பது எந்தக் குழந்தைக்கும் நல்லதுதான். ஆனால் கைப்பேசி பார்ப்பதால் ஆட்டிசம் உண்டாவதில்லை, அதை நிறுத்தினால் குணமாவதும் இல்லை. அந்த அறிவுரையால் கிடைத்ததெல்லாம் தாயின் தலையில் ஏறிய பழிதான். சமைக்கும் நேரத்தில் பிள்ளைக்குக் கைப்பேசி கொடுத்ததற்காக அவர் ஒன்றரை ஆண்டுகள் தம்மைத் தாமே நொந்துகொண்டிருந்தார்.

2 வயது 4 மாதத்தில் காது பரிசோதனைக்குப் போனார்கள். பேச்சுத் தாமதம் என்றால் முதலில் செவித்திறனை உறுதிசெய்வது சரியான வழியே. இந்த வயதுக் குழந்தைக்கு அதற்கான பெரா பரிசோதனை, குழந்தை தூங்கும்போது செய்யப்படுவது. முந்தின இரவு தாமதமாகத் தூங்க வைத்து, விடியற்காலையில் எழுப்பி, வழியில் தூங்க விடாமல் அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று மாதக் கர்ப்பிணியான தாய், இரண்டு பேருந்துகள் மாறி அவனைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டாவது பேருந்தில், ஜன்னல் காற்றில், அவன் தாயின் தோளிலேயே அயர்ந்துவிட்டான். மருத்துவமனை வாசலில் விழித்தவன் தூக்க மருந்து கொடுத்தும் பிற்பகல் வரை தூங்கவில்லை. அடுத்த தேதி பல வாரங்கள் கழித்துக் கிடைத்தது. அப்போது அவனுக்குச் சளி பிடித்திருந்தது. மூன்றாம் முறை, 2 வயது 7 மாதத்தில், பரிசோதனை முடிந்தது. "காது நல்லா இருக்கும்மா, பயப்படாதீங்க" என்றார்கள். குடும்பம் நிம்மதியோடு வீடு திரும்பி, அடுத்த ஏழு மாதங்களுக்கு எங்குமே போகவில்லை.

இந்த ஏழு மாதங்களே இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்தும் பகுதி. காது நன்றாக இருந்தும் குழந்தை பெயர் சொன்னால் திரும்பவில்லை, பேச்சும் போய்விட்டது என்றால் கவலை அதிகரிக்க வேண்டும். அடுத்த கட்டத்துக்கு விரைவாக அனுப்ப வேண்டும். நல்ல செய்தியாகச் சொல்லப்பட்ட அந்த முடிவு, தேடலையே முடித்துவைத்துவிட்டது. பரிசோதனை பிழையின்றி நடந்திருந்தது, அறிக்கையும் சரியாக இருந்தது. அடுத்து எங்கே போக வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை.

கோப்பில் இருந்த படிவம்

3 வயது 2 மாதத்தில், பகுதி அங்கன்வாடிப் பணியாளர்தாம் அவனை எங்களிடம் அனுப்பினார். மற்ற பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் சத்துமாவு டப்பாவின் மூடியைச் சுழற்றிக்கொண்டே இருப்பதை ஒரு வாரம் பார்த்துவிட்டு அவரே தாயிடம் பேசியிருக்கிறார்.

தாய் கொண்டுவந்த பிளாஸ்டிக் உறையில், முதல் பெரா தேதியன்று காத்திருந்த நேரத்தில் யாரோ பயிற்சி மாணவர் நிரப்பச் சொன்ன, ஆட்டிசத்துக்கான முதற்கட்டச் சோதனையான எம்-சாட் படிவமும் இருந்தது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான இந்தப் படிவத்தில், பெற்றோர் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டிய 20 கேள்விகள் உள்ளன. கவலைக்குரிய விடைகள் மொத்தம் 2 வரை என்றால் கவலை குறைவு. 3 முதல் 7 என்றால் மேலும் விசாரிக்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த விசாரணைக்கும் காத்திராமல் நேரே மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். இவனுடைய படிவத்தின் அடியில் '2' என்று எழுதி வட்டமிட்டிருந்தது.

தாய் பொய் சொல்லக்கூடியவர் அல்லர். பிள்ளையைக் கூர்ந்து கவனிப்பவர். அப்படியானால் 2 எப்படி வந்தது என்று அறிய, எங்கள் உளவியலாளர் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு, அன்றைய நாளை நினைவுபடுத்தி, ஒவ்வொரு விடைக்கும் ஓர் உதாரணம் கேட்டார். வேண்டிய பொருளைக் குழந்தை விரலால் சுட்டிக் கேட்குமா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்திருந்தது. "கேட்பானே மேடம், என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி ஃபிரிட்ஜ் மேல வெச்சிருவான்" என்றார் தாய். கையைப் பிடித்து இழுத்துப் போவதும், எட்ட நின்று ஒரு விரலை நீட்டிக் காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் தாயின் கை ஒரு கருவி. இரண்டாவதில் தாய் ஒரு துணை. நம் பேச்சு வழக்கில் இரண்டையும் 'காட்டுவான்' என்றே சொல்கிறோம்.

இப்படியே மற்றவையும் தெளிவாயின. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவானா என்பதற்கு 'ஆம்'. உண்மையில் அவன் திரும்பியது பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் சத்தத்துக்கு. பாவனை விளையாட்டுக்கும் 'ஆம்'. சொப்புச் சாமானை வைத்து மணிக்கணக்கில் விளையாடுவான் என்றார்கள், ஆனால் அவன் சமைத்ததும் ஊட்டியதும் இல்லை, மூடிகளைச் சுழற்றினான், அளவு வாரியாக அடுக்கினான். அன்றாடச் சத்தங்களால் கலங்குவானா என்பது தலைகீழாகக் கணக்கிடப்படும் மூன்று கேள்விகளில் ஒன்று. அதில் 'ஆம்' என்பதே கவலைக்குரிய விடை. தாய் 'இல்லை' என்றிருந்தார். மிக்சி போடுமுன் ஆயா அவனைத் தெருக்கோடிக்குத் தூக்கிப்போவது வீட்டு வழக்கமாகவே ஆகியிருந்ததால் அவன் கலங்குவதற்கு வாய்ப்பே இல்லாமல் போயிருந்தது. வியப்பானதைச் சுட்டிக் காட்டுவது, நாம் சுட்டியதைப் பார்ப்பது ஆகிய இரண்டையும் சேர்த்து ஆறு விடைகள் மாறின. 2 என்பது 8 ஆனது.

காலம் கடந்து, நினைவிலிருந்து திருத்திய எண்ணை முறையான மதிப்பெண்ணாகக் கொள்ள முடியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆயினும், அன்று பத்து நிமிடம் யாராவது உதாரணம் கேட்டிருந்தால் இவன் 2 வயது 4 மாதத்திலேயே மதிப்பீட்டுக்கு வந்திருப்பான் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

மதிப்பீட்டு அறையில்

ஆட்டிசத்தைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. வளர்ச்சி வரலாற்றைக் கேட்டு, குழந்தையோடு விளையாடி, கவனித்து, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்-5 வரையறுத்த கூறுகளோடு ஒப்பிட்டே முடிவுக்கு வருகிறோம். சமூகத் தொடர்பு சார்ந்த மூன்று கூறுகளிலும் குறைபாடு இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், மாற்றத்தை ஏற்காமை, ஒன்றிலேயே ஆழ்ந்த ஈடுபாடு, புலன் உணர்வில் மாறுபாடு ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். விலை மிகுந்த வெளிநாட்டுக் கருவித் தொகுப்பு இல்லாவிட்டாலும், 2 முதல் 9 வயதினருக்காக நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட இன்க்ளென் கருவி போன்றவற்றைக் கொண்டு பயிற்சி பெற்ற குழு இதைச் செய்ய முடியும்.

முதல் நாள் காலை அவன் அறைக்குள் வந்ததும் மின்விசிறியைப் பார்த்தான். உளவியலாளர் சோப்புக் குமிழ்களை ஊதினார். அவன் குதித்தான், சிரித்தான், ஆனால் அந்தச் சிரிப்போடு யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. குப்பியை இறுக மூடி அவன் கையில் கொடுத்தபோது, உளவியலாளரின் கையை எடுத்து மூடியின் மேல் வைத்து அழுத்தினான். முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

எல்லாவற்றிலும் தெளிவான தருணம் எங்கள் திட்டத்தில் இல்லாதது. ஜன்னல் கம்பியில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. ஆயா, பழக்கத்தில், "அதோ பாரு கண்ணு, காக்கா!" என்று கையை நீட்டினார். குழந்தையின் பார்வை ஆயாவின் விரல் வரை வந்து, அங்கேயே நின்று, பிறகு கண்ணாடி வளையலுக்கு இறங்கியது. காகம் இருமுறை கரைந்து பறந்து போயிற்று. "வீட்லயும் இப்படித்தாங்க, நிலாவக் காட்டுனா என் கையத்தான் பார்ப்பான்" என்றார் ஆயா. காகத்தையும் நிலாவையும் காட்டிச் சோறூட்டும் நம் வழக்கத்தில், இருவரும் ஒரே பொருளைப் பார்த்து அந்தப் பார்வையைப் பகிர்ந்துகொள்ளும் திறன் ஒவ்வொரு வேளையும் சோதிக்கப்படுகிறது. மெழுகுவத்தி ஊதும் பிறந்தநாள் விளையாட்டைக் குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்த நாங்கள், அதுவரை எந்த ஆயாவிடமும் சோறூட்டும் வேளையைப் பற்றி விரிவாகக் கேட்டதில்லை.

இரண்டாம் அமர்வில் அன்றாடத் திறன்களை மதிப்பிட்டோம். இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலான ஐசாவையும் பயன்படுத்தினோம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் தரப்படும் 40 கூறுகள் கொண்டது அது. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. இவனுக்கு 112. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன் பயன்களில் பலவற்றுக்குக் குறைபாடு 40 விழுக்காடாவது உண்டு என்ற சான்று வேண்டும், அந்தச் சான்றுக்கு ஐசா வேண்டும். ஆனால் 112 என்ற எண் இவனுக்கு நாளைக் காலை என்ன கற்றுக்கொடுப்பது என்று சொல்லாது. சான்றிதழுக்கான மதிப்பெண்ணையே மதிப்பீடு என்று எண்ணிவிடும் போக்கு எங்கள் துறையில் இருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் பக்கத்துத் தாமதம்

அங்கன்வாடிப் பணியாளர் அனுப்பியதிலிருந்து அறிக்கை கைக்கு வரும்வரை எங்கள் மையத்திலேயே மூன்று மாதங்கள் ஆயின. மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோருக்குத் தனித்தனி நாள். ஒவ்வொருவரும் பிறந்த கதையை முதலிலிருந்து கேட்டோம். தாய் நான்கு முறை, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வருகைக்கும் தந்தையின் ஒரு நாள் கூலி போயிற்று. அந்த மூன்று மாதங்களில் வீட்டில் என்ன செய்யலாம் என்று நாங்கள் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை, ஏனெனில் "இன்னும் மதிப்பீடு முடியவில்லை".

முதலில் மாற்றியது இதைத்தான். இப்போது மூவரும் ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே வரலாற்றுத் தாளோடு பார்க்கிறோம். தேவைப்பட்டால் மட்டுமே இரண்டாம் நாள். பெயர் பதிவான வாரத்திலேயே தாய்மார் குழுவில் சேர்த்துக்கொள்கிறோம். முகத்துக்கு நேரே தரையில் உட்காருவது, குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி இரண்டு சொல் பேசுவது, கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுக்காமல் ஐந்து எண்ணும்வரை காத்திருப்பது ஆகியவற்றுக்கு எந்த நோய்ப்பெயரும் தேவையில்லை. பின்னர் ஆட்டிசம் இல்லை என்று தெரிந்தாலும் இவற்றால் கேடு எதுவுமில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்து 2016இல் வெளியான ஆய்வில், நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்குக் கற்றுத் தந்த முறையே பெற்றோர்-குழந்தைத் தொடர்பை மேம்படுத்தியது. ஆகவே நிபுணர் வரும்வரை எதையும் தொடங்கக்கூடாது என்ற எங்கள் பழைய தயக்கத்துக்கு ஆதாரம் இல்லை.

அறிக்கையின் முதல் பக்கத்தைத் தமிழில் எழுதுகிறோம். அரசு அறிவிப்புகளில் வரும் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடரைப் படித்துவிட்டு, "அப்போ புத்தியே இல்லைன்னு அர்த்தமாங்க?" என்று இவனுடைய தந்தை கேட்ட பிறகு, 'ஆட்டிசம்' என்ற சொல்லையே வைத்து, அதன் கீழே இந்தக் குழந்தைக்கு என்ன வரும், எது இன்னும் வரவில்லை என்று எழுதுகிறோம். முடிவைச் சொல்லும்போது தந்தையும் ஆயாவும் இருக்கும்படி, பட்டறை விடுமுறையான ஞாயிறு காலையிலும் ஓர் அமர்வு வைக்கிறோம். தாயிடம் மட்டும் சொல்லி அனுப்பினால், வீட்டில் அவர் ஒருவரே மருத்துவராகவும் குற்றவாளியாகவும் நிற்க வேண்டியிருக்கிறது.

எங்களோடு இணைந்த செவித்திறன் பிரிவு, இயல்பான முடிவு வந்த அறிக்கையிலும் ஒரு வரி சேர்க்க ஒப்புக்கொண்டது: "செவித்திறன் இயல்பு, பேச்சுத் தாமதத்தின் காரணம் இன்னும் அறியப்படவில்லை, வளர்ச்சி மதிப்பீடு அவசியம்." கீழே, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் பெயரும், முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் பெயரும், எங்கள் பெயரும் இருக்கின்றன. வடசென்னையிலிருந்து முட்டுக்காடு போய் வர ஒரு நாள் முழுவதும் ஆகும் என்பதால், எது அருகில் என்பதையும் குறிக்கிறோம். பெரா தேதியன்று, வழியில் குழந்தை தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம், அப்படியே உள்ளே தூக்கி வாருங்கள், வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை என்று அந்தப் பிரிவினர் சொல்லத் தொடங்கியிருப்பது சிறிய மாற்றம்தான். இரண்டு பேருந்து மாறி வரும் தாய்க்கு அது பெரியது.

தடுப்பூசி நாளில் முடியாதது

எம்-சாட்டின் காலம் 16 முதல் 30 மாதம். ஊக்க ஊசியின் காலம் 16 முதல் 24 மாதம். எல்லாக் குழந்தைகளும் சுகாதாரப் பணியாளர் முன் வந்து நிற்கும் கடைசிப் பெரிய வாய்ப்பு அதுவே. எனவே புதன்கிழமைத் தடுப்பூசி வரிசையிலேயே 20 கேள்விகளையும் கேட்டுவிடலாம் என்று முயன்று தோற்றோம். அழுகிற பிள்ளைகளுக்கு நடுவே, ஊசி போடவும் பதிவேடு எழுதவும் ஒரே செவிலியர் இருக்கும் இடத்தில் அது நடக்கக்கூடியது அல்ல. படிவத்தைத் தாய்மார் கையில் கொடுத்தபோது, பல படிவங்கள் எல்லாவற்றிலும் 'ஆம்' என்ற குறியோடு திரும்பி வந்தன. மாநகரில் தெலுங்கும் உருதும் இந்தியும் பேசும் வீடுகளுக்குத் தமிழ்ப் படிவமே பொருந்தவில்லை.

இப்போது செவிலியர் கேட்பது ஒன்றே ஒன்று. தம் விரலை நீட்டி, "இப்படித் தொடாம, தூரத்துல இருக்கறத ஒரு விரலால காட்டுவானாம்மா? காட்டிட்டு உன் மூஞ்சியப் பார்ப்பானா?" என்று செய்து காட்டிக் கேட்கிறார். தயக்கம் தெரிந்தால், அல்லது சொன்ன சொல் நின்றுவிட்டது என்று தாய் சொன்னால், அங்கன்வாடியில் எடை போடும் நாளில் பணியாளர் முழுப் படிவத்தையும் உதாரணம் கேட்டுக் கேட்டு நிரப்புகிறார். படிவத்தின் சொற்களை நாங்கள் மாற்றவில்லை. மதிப்பெண் குறைவாக வந்தாலும் உதாரணம் கேட்பது என்ற வழக்கத்தை மட்டும் சேர்த்தோம். இந்த ஒற்றைக் கேள்வி முறையான சோதனைக்கு மாற்று ஆகாது. அதைத் தொடங்கிவைக்கும் தூண்டுகோல் மட்டுமே. இதனால் பேச்சுத் தாமதம் மட்டுமே உள்ள பிள்ளைகளும் எங்களிடம் வருகிறார்கள், வரிசை நீள்கிறது. தாமதமாக வந்த பிள்ளையைப் பார்ப்பதைவிட, தேவையின்றி வந்த பிள்ளையை நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவது எனக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த நீளும் வரிசையில் காத்திருப்பவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. கண்ணைப் பார்த்துப் பேசும், பிறரைப் பார்த்து நடந்துகொள்ளும் பெண் குழந்தைகளை இந்தக் கேள்வி தவறவிடக்கூடும் என்ற கவலையும் தீரவில்லை.

சிறுவனுக்கு இப்போது 4 வயது 3 மாதம். ஒன்பது சொற்கள் பேசுகிறான். தண்ணீர் வேண்டுமானால் குடத்தை விரலால் காட்டுகிறான். மிக்சிக்கு இன்னும் காதைப் பொத்திக்கொள்கிறான். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தையின் உடன்பிறப்புகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு அது வரக்கூடும் என்பதால், தங்கையையும் நாங்கள் தொடர்ந்து கவனிக்கிறோம். அவளுக்கு 17 மாதம் ஆகிறது. வரும் புதன்கிழமை ஊக்க ஊசி. சென்ற சனிக்கிழமை குழுவுக்கு வந்த தாய், படிவத்தைத் தாமே கேட்டு வாங்கினார். ஒவ்வொரு 'ஆம்' என்பதற்கும் எதிரே இடம் விட்டு அச்சிட்ட கோட்டில், முதல் கேள்விக்கு அவர் எழுதியிருப்பது: "ஆயா காட்டுன காக்காவப் பார்த்தா. அப்புறம் ஆயாவப் பார்த்துச் சிரிச்சா."